ஒட்டியும் ஒட்டாமலும்

"ரெண்டு மில்லிமீட்டர்தான் மாமா. அதுக்கு மேல இறங்கினா நெஞ்சுல போட்ட ஓட்டை முதுகுல வந்துடும்."

நாட்டிங்ஹாமில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், நான் போய் இறங்கிய மறுநாளே என்னைச் சமையலறை மேசையில் உட்காரவைத்துவிட்டான். என் கையில் ஒரு குட்டித் துளைக்கருவி. நகைப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், பிடியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு விரலால் திருகித் திருகித் துளை போடுவார்களே, அந்த ரகம். எதிரே விரித்த பழைய செய்தித்தாளின் மேல் ஒரு படையின் கைகால்கள் சாம்பல் நிறத்தில் இறைந்து கிடந்தன. தலை ஒரு பக்கம், மார்பு இரண்டு பாதியாக, துப்பாக்கி பிடித்த கை தனியாக, வாள் பிடித்த கை தனியாக. அக்கா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பாவைப் பிரிக்க நேரமில்லாத பிள்ளைக்கு, மிளகைவிடச் சிறிய காந்தத்தைப் பிளாஸ்டிக் தோளுக்குள் புதைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

நாட்டிங்ஹாம் என்றதும் நமக்கு ராபின் ஹூட் ஞாபகம் வரும். மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் விளையாடுகிறவர்களுக்கோ அது தலைநகரம். வார்ஹாமர் விளையாட்டுகளை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் இங்கே லெண்டன் பகுதியில்தான் இருக்கிறது. பொம்மைகளை வடிவமைப்பதும் வார்ப்பதும் இங்கேயே. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் மரப்பலகை விளையாட்டுகளை விற்கத் தொடங்கிய சின்ன வியாபாரம், 2024 டிசம்பரில் பிரிட்டனின் 100 பெரிய பங்குகளின் பட்டியலுக்குள் நுழைந்தது. வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் நிற்கிற வரிசையில் பொம்மைச் சிப்பாய் விற்கிற கம்பெனி! பெர்ரி மினியேச்சர்ஸ், வார்லார்டு கேம்ஸ் என்று இதே தொழிலில் இருக்கும் வேறு பலருக்கும் இந்த ஊர்தான் முகவரி. பொம்மைகளை ஈயத்தில் வார்த்த காலத்து நினைவாக இந்த வட்டாரத்துக்கு 'லெட் பெல்ட்' என்றொரு செல்லப்பெயரும் உண்டு.

ஆட்டம் எளிதில் விளங்கக்கூடியது, ஆடுவதுதான் கஷ்டம். சாப்பாட்டு மேசையைவிடச் சற்றுப் பெரிய பலகை, அதில் சில சிதைந்த கட்டடங்கள், இரண்டு படைகள், ஒரு கைப்பிடி தாயக்கட்டை, அங்குலம் அளக்க ஒரு டேப். ஒவ்வொரு வீரருக்கும் வண்டிக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு விலை இருக்கிறது. இரு தரப்பும் வழக்கமாக 2000 புள்ளிக்குள் படை கட்டிக்கொண்டு வருவார்கள். சிப்பாயின் உயரம் கட்டைவிரலில் பாதி. இன்னொரு முக்கியமான மரபு: பொம்மையின் கையில் எந்த ஆயுதம் தெரிகிறதோ, அதுதான் அவனுடைய ஆயுதம். வாளை ஒட்டிவைத்துவிட்டு, இவன் கையில் இருப்பது பீரங்கி என்று சொல்ல முடியாது. நண்பர்களுக்குள் விட்டுக்கொடுப்பார்கள். போட்டி என்று வந்துவிட்டால் கறார்தான்.

இந்த ஒரு மரபிலிருந்துதான் காந்தத்தின் கதை தொடங்குகிறது.

பொம்மைப் போருக்கு முதலில் பரவலாக விதி எழுதியவர்களில் ஒருவர் எச்.ஜி.வெல்ஸ். கால இயந்திரத்தைக் கற்பனை செய்த அதே எழுத்தாளர்தான். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகம் போட்டார். தரையில் குப்புறப் படுத்து, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டுச் சாய்க்கிற ஆட்டம். நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்பது இதை ஆடிப் பார்த்தால் விளங்கும் என்று நம்பினார் மனிதர். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. வெல்ஸின் சிப்பாய்கள் ஒரே வார்ப்பாக வந்தவர்கள். கையில் துப்பாக்கியோடு பிறந்தவன் துப்பாக்கியோடேதான் சாவான்.

1987-ல் வார்ஹாமர் 40,000 வந்தபோது கூடவே வந்த பிளாஸ்டிக் பெட்டி அதை மாற்றியது. ஒரு பெட்டிக்குள் 30 விண்வெளி வீரர்கள். கைகள் தனி, தலைகள் தனி, முதுகுப் பைகள் தனி. எவனுக்கு எந்தக் கை என்று வாங்கியவரே முடிவு செய்துகொள்ளலாம்.

இதில் தாராளம் மட்டுமல்ல, தொழில்நுட்பக் கட்டாயமும் இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு நம் வீட்டில் எடுக்கிற கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதி, மூடி அழுத்தித் திறந்தால் கொழுக்கட்டை வரும். அதே கொழுக்கட்டைக்கு உள்பக்கமாக வளைந்த கொக்கி ஒன்று வேண்டுமென்றால் திறக்கும்போது பிய்ந்துவிடும். எஃகு அச்சில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி வார்க்கும்போதும் இதே தொல்லை. மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி பிடித்த வீரனை ஒரே துண்டாக எடுத்தால் கைக்கும் மார்புக்கும் நடுவே அச்சு மாட்டிக்கொள்ளும். எனவே கையைத் தனியாக வார்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரு சட்டத்தில் கோத்து அனுப்புகிறார்கள். அந்தச் சட்டத்துக்கு 'ஸ்ப்ரூ' என்று பெயர். கொழுக்கட்டையின் ஓரத்தில் மெல்லிய வரப்பு நிற்குமே, அதே வரப்பு இந்தச் சிப்பாய்களின் காதோரத்திலும் ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காமல் பெயின்ட் அடித்தால் அந்தக் கோடு ஊருக்கே தெரியும்.

துண்டுகளைச் சேர்க்கிற பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு உரிய பசை உண்மையில் பசையே அல்ல. பி.வி.சி. குழாயை இணைக்க நம் பிளம்பர் தடவுகிற சால்வென்ட் மாதிரி அது இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்த பிறகு அங்கே இணைப்பு என்று ஒன்று கிடையாது, ஒரே பிளாஸ்டிக். பிரிக்க வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். ஒரு கையை ஒட்டுவது அதனால் முடிந்த முடிவு. இவன் இனி வாள்காரன்தான்.

விதிகளோ அப்படி நிற்பதில்லை. வார்ஹாமர் 40,000-த்தின் எட்டாம் பதிப்பு 2017-ல் வந்தது, ஒன்பதாவது 2020-ல், பத்தாவது 2023-ல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புது விதிப்புத்தகம். இடையிடையே புள்ளி மாற்றங்கள் வேறு. முன்பெல்லாம் நல்ல ஆயுதத்துக்குத் தனியாகப் புள்ளி கொடுக்க வேண்டும். சங்கிலி வாளுக்கு ஒன்றுமில்லை. கனத்த இரும்பு முஷ்டிக்கு விலை உண்டு. சிக்கனக்காரர்கள் எல்லாரும் சங்கிலி வாளை ஒட்டினார்கள். பத்தாம் பதிப்பு வந்தது. பெரும்பாலான படைகளுக்கு ஆயுதத்துக்கான தனிப் புள்ளி போயே போய்விட்டது. எதை எடுத்தாலும் ஒரே விலை என்று கடைக்காரர் சொன்னால் யார் மலிவுச் சரக்கை எடுப்பார்கள்? முந்தைய நாள் வரை சாமர்த்தியமாக இருந்த சங்கிலி வாள் மறுநாள் அசட்டுத்தனமானது. அது பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகக் கரைந்து ஒட்டியிருந்தது என்பதுதான் சோகம்.

இதைத் திட்டமிட்ட சதி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. விதி மாறாத விளையாட்டு அலுத்துவிடும் என்பதும் நிஜம். மாறுகிற ஒவ்வொரு விதியும் புதுப் பெட்டி விற்க உதவும் என்பதும் நிஜம். பெட்டிக்குள் நாலு வகை ஆயுதம் போட்டு, ஒன்றை மட்டும் ஒட்டச் சொல்வது கம்பெனியின் கணக்கு. மிச்சம் மூன்றையும் தூக்கிப்போடாமல் வைத்திருப்பது வாங்கியவரின் கணக்கு. கையை ஒட்டாமல் கழற்றி மாட்ட உதவும் காந்தம் இந்த இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது. கம்பெனி அதை எதிர்ப்பதுமில்லை. பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பதுமில்லை.

பழைய கறுப்புக் காந்தத்தை வைத்து இந்த வேலை நடக்காது. ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் ஃபெரைட் காந்தத்தை 3 மி.மீ. வட்டாக வெட்டினால் ஒரு பிளாஸ்டிக் கையைத் தாங்கச் சிரமப்படும். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஆற்றலைத் தனக்குள் வைத்திருக்கும். ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியாமல் இதைக் கண்டுபிடித்து, 1983-ல் ஒரே மாநாட்டில் அறிவித்தார்கள். கார் மோட்டாருக்கும் கணினி வட்டுக்கும் செய்த காந்தம் அது. பொம்மையின் தோள்பட்டைக்குள் வந்து உட்காரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

நியோடிமியத்துக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய உறவு இருக்கிறது. அதை 1885-ல் வியன்னாவில் பிரித்தெடுத்தவர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். ஒரே தனிமம் என்று நம்பியிருந்ததை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் 'புது இரட்டை' என்ற பொருளில் நியோடிமியம் என்று பெயர் வைத்தார். எரிவாயு விளக்கின் மேண்டிலைக் கண்டுபிடித்தவரும் இதே மனிதர்தான். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கசக்கி நசுக்குவாரே, அந்த மேண்டில். அதற்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அந்த மோனசைட் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதை 1909-ல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். கயிற்று நாரோடு ஒட்டிக்கொண்டு போன மணல்தான் காட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். விளக்குக்காக ஜெர்மனிக்குக் கப்பலேறிய அந்த மணலில் நியோடிமியமும் கூடவே போயிருக்கும். அன்றைக்கு அதைச் சீண்ட ஆளில்லை. மணவாளக்குறிச்சியில் இன்றும் மைய அரசு நிறுவனம் மணல் பிரிக்கிறது, மணல் எடுப்பதை எதிர்த்துக் கடலோர மக்கள் குரல் எழுப்புவதும் தொடர்கிறது. என் மருமகனின் டப்பாவில் இருந்த காந்தங்கள் மட்டும் உலகின் பெரும்பாலான நியோடிமியக் காந்தங்களைப் போலச் சீனாவில் செய்தவை.

சரி, மேசைக்குத் திரும்புவோம்.

நாங்கள் எடுத்துக்கொண்டது 'ட்ரெட்நாட்'. சாகக் கிடக்கும் வீரனை உள்ளே அடைத்து நடமாடவிட்ட இரும்புச் சவப்பெட்டி என்று கதை. பொம்மையாகப் பார்த்தால் இரண்டு கால் முளைத்த பீரோ. இரண்டு பக்கமும் ஆயுதம்தான் கை. காந்தம் வைத்துப் பழக இதைவிடப் பொருத்தமானது இல்லை. தோள் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கிறது.

முதலில் ஊசிமுனையால் நடுவில் ஒரு புள்ளி. அதில் 1 மி.மீ. பிட்டால் வழித்துளை. பிறகு 2 மி.மீ., கடைசியில்தான் 3 மி.மீ. நேரடியாகப் பெரிய பிட்டை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு ஓடி, துளை ஓரத்தில் போய் உட்காரும். கை கோணலாக நிற்கும். எவ்வளவு ஆழம் என்று தெரிய பிட்டிலேயே ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ள வேண்டும். காந்தம் பரப்போடு பரப்பாக உட்கார வேண்டும். மேலே துருத்தினால் இரண்டு பகுதிக்கும் நடுவே சந்து தெரியும். உள்ளே போய்விட்டால் பிடிப்புப் போய்விடும். இத்தனை சின்னக் காந்தத்துக்கு 1 மி.மீ. இடைவெளிகூட அடுத்த ஊர் மாதிரி. பெயின்டும் வார்னிஷும் இரண்டு மூன்று பூச்சு ஏறினாலே இழுவை குறைவது விரலுக்குத் தெரியும். அதனால் காந்த முகத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுத்தான் பெயின்ட் அடிப்பார்கள்.

காந்தத்தை ஒட்ட அந்தக் கரைக்கும் பசை உதவாது. நிக்கல் பூச்சை அது எங்கே கரைக்கப்போகிறது? இங்கே வேண்டியது சயனோஅக்ரிலேட், நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்குகிற ஃபெவிக்விக்கின் இனம். காற்றிலிருக்கும் ஈரத்தால் இறுகுகிற பசை. வழவழப்பான காந்தத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு ஒரே ஒரு சொட்டு. வழிந்த பசையைப் பஞ்சால் துடைக்கலாமா என்று கேட்டேன். மருமகன் பதறிவிட்டான். பஞ்சும் இந்தப் பசையும் சேர்ந்தால் விரல் சுடுகிற அளவுக்குச் சூடேறுமாம்.

அடுத்தது துருவம். இந்தக் கலையின் மொத்தக் கண்ணீரும் இங்கேதான் இருக்கிறது. ஒரு முகம் வடக்கு, மறுமுகம் தெற்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்று. மருமகன் ஒரு காந்த அடுக்கை வைத்திருந்தான், 'இதுதான் மாமா மூலவர்' என்று சிரித்தான். இடது தோளில் ஒட்டுகிற காந்தம் அந்த அடுக்கின் மேல்முகத்திலிருந்து வர வேண்டும், இடது கையில் ஒட்டுகிறது அடிமுகத்திலிருந்து. வலப்பக்கம் இதற்கு நேர்மாறு. ஒவ்வொன்றின் வெளிமுகத்திலும் மார்க்கரால் புள்ளி. படை முழுவதும் இடது தோளில் வடக்கு, வலது தோளில் தெற்கு என்று ஒரே ஒழுங்கு. அப்படிச் செய்தால் எந்த உடலின் இடது தோளுக்கும் எந்த இடது கையும் போகும். தப்பித் தவறி வலது கையை வைத்தால் அதுவே உதறித் தள்ளிவிடும்.

எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகும் மூன்றாவது கையில் புள்ளியை உள்பக்கமாக வைத்து ஒட்டினேன். பத்து நிமிடம் கழித்துத் தோளருகே கொண்டுபோனால் கை முகத்தைத் திருப்பிக்கொண்டது, மொய்ப் பணம் குறைந்த சம்பந்தி மாதிரி. நெயில் பாலிஷ் ரிமூவர் இந்தப் பசையைக் கரைக்கும். ஆனால் அது பாலிஸ்டைரீனையும் சேர்த்தே கரைத்துவிடும். பின்பக்கத்திலிருந்து ஒரு ஊசித்துளை போட்டுக் காந்தத்தை வெளியே தள்ளி, எம்-சீல் மாதிரியான மாவால் துளையை அடைத்து, மறுபடி முதலிலிருந்து. அதற்கு முன் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பசை காய்வதற்குள் ஆசைப்பட்டுக் கையைத் தோளில் வைத்துப் பார்த்ததில், தோளிலிருந்த காந்தம் கழன்று கைக் காந்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் எதையும் தொடாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கான பொழுதுபோக்கு இது. துருவக் குழப்பமே வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் இரும்பு வாஷர் என்று முடித்துக்கொள்வார்கள். பிடிப்புக் கொஞ்சம் குறையும், நிம்மதி கூடும்.

வட்டக் காந்தத்துக்கு இன்னொரு பலவீனம்: நேராக இழுத்தால் விடாது, திருகினால் சுற்றும். நீளக் குழல் பீரங்கியை மாட்டினால் அது மெல்ல மெல்லத் தலைகவிழும். அகலமான காந்தம் வைக்கலாம், அல்லது பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பியை நட்டு எதிரில் துளை போட்டுச் சுழற்சியை நிறுத்தலாம். 2014-ல் வந்த 'இம்பீரியல் நைட்' போன்ற சாண் உயர ராட்சதர்களுக்கு இந்தக் கம்பி இல்லாமல் கதை ஆகாது. ரெசின் பொம்மைகளில் வளைந்துபோன துண்டுகளை வெந்நீரில் முக்கி நிமிர்த்துவது வழக்கம். அதைக் காந்தம் வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாதாரண வகை நியோடிமியக் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலத்தை இழக்கும்.

வீட்டில் குழந்தை இருந்தால் இந்த டப்பாவை மருந்து மாதிரி எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இரண்டு காந்தத்தை அடுத்தடுத்து விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். குடல் அழுகி ஓட்டை விழும், உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் காந்தங்களை மார்பருகே கொண்டுபோகக் கூடாது.

எல்லாருக்கும் இது பிடிக்கும் என்றில்லை. வண்ணம் தீட்டுவதையே தவமாகச் செய்கிறவர்கள், 1987 முதல் நடக்கும் 'கோல்டன் டீமன்' போட்டியைக் கனவு காண்கிறவர்கள், காந்தம் என்றாலே முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காந்தத் தோள் தட்டையாக இருந்தாக வேண்டும். தட்டையான தோளில் மாட்டிய கையில் உயிரோட்டம் குறையும். இரண்டு கையாலும் ஒரு துப்பாக்கியைத் தாங்கும் வீரனுக்குக் காந்தம் வைப்பது வேண்டாத வேலை. ஒரு தோள் சேர்ந்தால் மறுதோள் சேராது. சாதாரணச் சிப்பாய்களை ஒட்டித் தள்ளிவிட்டு, தலைவன், ராட்சத வண்டி, பீரங்கிக் கோபுரம் இவற்றுக்கு மட்டும் காந்தம் வைப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. மருமகன் அறுபது சிப்பாய்களுக்கும் வைத்திருக்கிறான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

கையைவிடக் காலடியில் காந்தம் அதிகம் உதவுகிறது என்றுகூடச் சொல்வேன். பொம்மை நிற்கும் வட்டின் அடியில் ஒரு காந்தம், பெட்டியின் தரையில் ஒரு தகரம். அவ்வளவுதான், பஸ்ஸில் கொண்டுபோனாலும் ஈட்டிமுனை ஒடியாது. அணி வகுத்து ஆடும் ஆட்டங்களில் இருபது பேரை ஒரே தகரத் தட்டில் நிற்கவைத்து மொத்தமாக நகர்த்தலாம். அந்த வட்டுகளின் கதையிலும் ஒரு சோகம் உண்டு. பழைய வார்ஹாமர் ஆட்டத்தில் வீரர்கள் சதுர அடித்தட்டில் நின்றார்கள். 2015-ல் அந்த ஆட்டத்தையே நிறுத்திவிட்டு, வட்டத்தட்டில் ஆடுகிற புது ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கோபத்தில் ஒருவர் தன் படையைத் தீயிலிட்டு அதைப் படமும் பிடித்து வெளியிட்டார். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, சதுரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கால்களை அறுத்து வட்டத்தில் ஒட்டினார்கள். 2024 ஜனவரியில் 'பழைய உலகம்' என்ற பெயரில் அந்த ஆட்டம் திரும்பி வந்தது, சதுரத் தட்டோடு.

"அப்பவே காலுக்கும் காந்தம் வச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"தட்டை மட்டும் மாத்தியிருப்பாங்க மாமா."

சாயங்காலம் ட்ரெட்நாட் எழுந்து நின்றது. என் கை போட்ட தோள் ஒரு நூல் தாழ்ந்திருந்தது. மருமகன் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டான். ஒரு கையைக் கழற்றி இன்னொன்றை மாட்டினான். டக். அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினேன். தேநீர் போடப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப்போனேன். கதவில் கேஸ் பில், அதற்குப் பக்கத்தில் அக்கா அனுப்பிய கோயில் விபூதிப் பொட்டலம், குப்பை வண்டி வரும் கிழமைகளின் அட்டவணை. ஒவ்வொன்றையும் ஒரு சங்கிலி வாள் பிடித்துக்கொண்டிருந்தது.